உலக அரசியலை எங்கிருந்து தொடங்குவது? புதிதாகப் படிக்கும் பெரியவர்களும் கண்டியின் அனுபவமும்

பள்ளிக்கூடத்தை விட்டு இருபது முப்பது ஆண்டுகள் கழிந்தபின் ஒருவர் உலக அரசியலைப் படிக்க நினைக்கிறார். எதை முதலில் கையில் எடுப்பது? தடித்த வரலாற்று நூலையா, பல்கலைக்கழகப் பாடநூலையா, காலைப் பத்திரிகையையா? அல்லது ஒரு கட்சியோ தொழிற்சங்கமோ நடத்தும் வகுப்பில் போய் உட்காருவதா? கேள்வி எளியது. நூறாண்டுகளாக இதற்குப் பல விடைகள் தரப்பட்டுள்ளன. விடை தந்தவர்கள் பெரும்பாலும் தங்கள் காலத்து நெருக்கடி ஒன்றை மனத்தில் வைத்தே அதைத் தந்தார்கள்.

இந்தக் கேள்வியைக் கண்டியில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சுற்றுலாக் கையேடுகளில் இது ஏரியும் தலதா மாளிகையும் கொண்ட அமைதியான மலைநகரம். ஆனால் 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். பர்மா முதல் மலாயா வரையான போர்த்திட்டங்கள் இந்த மரநிழலில் தீட்டப்பட்டன. பத்தாண்டு கழித்து இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கொழும்பில் தொடங்கிய மாநாட்டைக் கண்டியில் முடித்தார்கள். அங்கே இந்தோனேசியப் பிரதமர் அலி சாஸ்திரோஅமிஜோஜோ முன்வைத்த யோசனைதான் 1955-இல் பாண்டுங் மாநாடாக உருவெடுத்தது. நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் பிரஜாவுரிமையோ இரண்டு அரசாங்கங்களின் மேசையில் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டது. எனவே உலக அரசியலைப் படிப்பது பற்றிச் சொல்லப்பட்ட விடைகள் ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்க இங்கே போதிய சான்று கிடைக்கிறது.

முதல் விடை: வரலாறு

மிகப் பழைய விடை இதுதான்: நடந்ததை வரிசையாகத் தெரிந்துகொண்டால் நடப்பது புரியும். நேரு 1930-க்கும் 1933-க்கும் இடையில் சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய 196 கடிதங்கள் உலக வரலாறாகத் தொகுக்கப்பட்டு 1934-இல் வெளிவந்தன. அவை சிறுமி ஒருத்திக்கு எழுதப்பட்டவை. ஆயினும் படித்துப் பயன்பெற்றவர்களில் பெரும்பகுதியினர் வளர்ந்தவர்களே. தமிழில் இந்த வழியைத் திறந்தவர்களில் முதன்மையானவர் வெ. சாமிநாத சர்மா. ரங்கூனில் இருந்தபடி அபிசீனியா, பாலஸ்தீனம், செக்கோஸ்லோவேகியா என அன்றைய நெருக்கடிகள் ஒவ்வொன்றுக்கும் தனி நூல் எழுதினார். ஆங்கிலம் அறியாத வாசகரும் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு படிக்கலாம் என்ற நம்பிக்கையில் பிறந்த நூல்கள் அவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது அவரே கால்நடையாக இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. எழுதிவந்த உலக அரசியல் அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டிருந்தது.

இவ்விடையின் வலிமையைக் கண்டி ஒப்பந்தத்தில் காணலாம். 1815 மார்ச் 2-ஆம் திகதி கண்டிப் பிரதானிகள் பிரித்தானிய முடிக்குக் கீழ்ப்படிவதாகக் கையொப்பமிட்டார்கள். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பியிருந்தான். வாட்டர்லூ போர் அதே ஆண்டு ஜூனில் நடந்தது. ஒல்லாந்து பிரெஞ்சுப் படையின் பிடியில் விழுந்ததால்தான் ஆங்கிலேயர் 1796-இல் இலங்கையின் கரையோரத்தை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார்கள். கரையோரம் கைக்கு வந்தபின்னரே மலைநாட்டின் மீது அவர்கள் கண் விழுந்தது. அரசவைச் சூழ்ச்சியாக மட்டும் சொல்லப்படும் கதை இப்படி ஐரோப்பியப் போர்களின் ஒரு கிளையாகவும் விரிகிறது.

பலவீனம் இரண்டு. முதலாவது, வரலாற்றுக்கு முடிவில்லை. 1815-ஐப் புரிய 1796 வேண்டும், அதற்குப் பிரெஞ்சுப் புரட்சி வேண்டும்; மாலையில் ஒரு மணி நேரம் கிடைப்பவர் பாதி வழியிலேயே நூலை மூடிவிடுவார். இரண்டாவது, யாருடைய வரலாறு என்ற கேள்வி. ஒப்பந்தம், போர், மன்னன் என்று போகும் தொடரில், 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது வருகிறது. அந்தச் சரிவுகளில் காடு வெட்டியவர்கள் எந்தப் பஞ்சத்திலிருந்து தப்பி எந்த வழியே நடந்து வந்தார்கள் என்பது பல நூல்களில் ஒரு வாக்கியத்தைத் தாண்டுவதில்லை.

இரண்டாவது விடை: கோட்பாடு

தகவல் கடலில் மூழ்காமலிருக்க முதலில் ஒரு சட்டகம் வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விடை. சர்வதேச அரசியலுக்கென்று உலகின் முதல் பேராசிரியர் பதவி 1919-இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் உருவானது. முதலாம் உலகப் போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக அது நிறுவப்பட்டது. போரைத் தடுக்க அறிவால் முடியும் என்ற அந்த நம்பிக்கையை, பின்னர் அதே பதவியில் அமர்ந்த ஈ.எச். கார் 1939-இல் எழுதிய நூலில் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கினார். 1948-இல் ஹான்ஸ் மோர்கந்தோ அதிகாரமே நாடுகளின் நாணயம் என்ற யதார்த்தவாதத்தைப் பாடநூலாக்கினார். 1959-இல் கென்னத் வோல்ட்ஸ் போரின் காரணத்தை மூன்று தளங்களில் தேடச் சொன்னார்: தனிமனிதர், நாட்டின் உள்ளமைப்பு, நாடுகளுக்கு மேலே அதிகாரம் ஏதுமற்ற உலக அமைப்பு.

புதியவருக்கு இந்த மூன்று தளப் பிரிப்பு நல்ல கருவி. 1964 ஒக்டோபர் 30-இல் கையொப்பமான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை அதில் வைத்துப் பார்க்கலாம். பிரஜாவுரிமை இல்லாதிருந்த ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசப்படும் என்பது உடன்பாடு. தனிமனிதத் தளத்தில், நேரு மறைந்து சாஸ்திரி பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. உள்ளமைப்புத் தளத்தில், 1948, 1949 சட்டங்களால் வாக்குரிமை இழந்த மக்கள் இலங்கைத் தேர்தல் கணக்கிலேயே இல்லை. உலக அமைப்பின் தளத்தில், 1962-இல் சீனாவுடனான போரில் அடிபட்டிருந்த இந்தியாவுக்கு அயலில் நட்பு நாடு தேவைப்பட்டது. மூன்றையும் சேர்த்தால் படம் ஓரளவு தெளிகிறது.

ஆனால் அந்தப் படத்தில் மக்கள் இல்லை. கோட்பாட்டு நூல்களில் நாடுகள்தான் பேசுகின்றன, பயப்படுகின்றன, பேரம் பண்ணுகின்றன. மலையகத் தலைவர்கள் எதிர்த்தும் ஒப்பந்தம் நிறைவேறியது ஏன், ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பம் இரண்டு நாடுகளுக்குப் பிரிந்தது எப்படி என்பவற்றுக்கு அங்கே இடம் குறைவு. இந்தக் குறையை இத்துறையே உணர்ந்திருக்கிறது. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மட்டும் உதாரணமாகக் கொண்டு கட்டிய கோட்பாடுகள் போதா என்ற வாதத்தை அமிதவ் ஆச்சார்யா போன்றோர் முன்வைத்து வருகிறார்கள். பேராதனையில் அரசறிவியல் வளர்ந்த காலத்தில் ஏ. ஜெயரத்தினம் வில்சன், ஷெல்டன் கொடிகார முதலியோர் இலங்கையையே ஆய்வுப்பொருளாக்கினார்கள். கொடிகாரவின் இந்திய–இலங்கை உறவு பற்றிய நூல் 1965-இல் வெளிவந்தது. அவை ஆங்கில நூல்கள் என்பதால், யாரைப் பற்றிப் பேசினவோ அவர்களில் பெரும்பாலானோருக்கு எட்டவில்லை.

கோட்பாட்டின் மீதான இன்னொரு ஐயம் பிலிப் டெட்லொக்கிடமிருந்து வந்தது. 284 நிபுணர்களின் அரசியல் எதிர்வுகூறல்களை நீண்ட காலம் தொகுத்து 2005-இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, எல்லாவற்றையும் ஒரே பெரிய கருத்தால் விளக்கியவர்கள், பல சிறு கருத்துகளைக் கலந்து பார்த்தவர்களைவிட அதிகம் தவறினார்கள்.

மூன்றாவது விடை: நாளாந்தச் செய்தி

பத்திரிகையைப் படித்தால் போதாதா என்பதே பெரும்பாலானோரின் நடைமுறை விடை. 1930-இல் தொடங்கிய வீரகேசரியும் 1932-இல் தொடங்கிய தினகரனும் மலையக வாசகருக்கு வெளியுலகைக் கொண்டுவந்தன. 1941-இல் போர்க்காலத்தில் பிறந்த பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பின் சிற்றலைச் சேவை 2017 ஏப்ரலில் நின்றது. இன்று அந்த இடத்தில் கைபேசி இருக்கிறது.

செய்தி சூடாகக் கிடைக்கும், காசு அதிகம் செலவாகாது. அதன் குறையை நோர்வேயின் யோஹான் கல்டுங்கும் மாரி ஹோல்ம்போ ருகேயும் 1965-லேயே சுட்டினார்கள். கொங்கோ, கியூபா, சைப்பிரஸ் நெருக்கடிகள் நோர்வேப் பத்திரிகைகளில் எப்படி வந்தன என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். வலிய நாடுகள், பெயர் பெற்ற ஆட்கள், கெட்ட நிகழ்வுகள், திடீர் மாற்றங்கள் ஆகியவையே எளிதில் செய்தியாகின்றன என்பது அவர்கள் முன்வைத்த வாதம். மெதுவாக நடப்பது செய்தியாவதில்லை.

இலங்கையர்களுக்கு இதன் விலை 2022-இல் தெரிந்தது. அந்த ஏப்ரல் 12-இல் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தபோது, எரிபொருள் வரிசையில் நின்ற பலர் முதன்முறையாக இறைமைப் பிணைமுறி என்ற சொல்லைக் கேள்விப்பட்டார்கள். கடன் பல ஆண்டுகளாகச் சேர்ந்தது, வரிசைதான் செய்தியாயிற்று. எனினும் அதே நெருக்கடி பலரைப் படிக்கவும் தூண்டியது என்பதை மறுக்க முடியாது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது, அதன் நிபந்தனைகள் மின்கட்டணமாகவும் வரியாகவும் வீட்டுக்குள் வந்தன. செய்தி ஒரு நல்ல வாசல். அந்த வாசலிலேயே நின்றுவிடுவோருக்குத் தலைப்புகள் மட்டுமே மிஞ்சும்.

நான்காவது விடை: மேடையும் வகுப்பும்

எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத மக்களிடம் நூலையும் பத்திரிகையையும் பற்றிப் பேசிப் பயனில்லை என்பதைத் தொழிற்சங்கவாதிகள் முதலில் உணர்ந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920-களில் ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தினார். 1931-இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடல்களைப் பாடி மக்களைத் திரட்டினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் பாட்டு எட்டியது.

1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டம் இவ்வகைக் கல்வியின் உச்சம் எனலாம். இந்திய விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த கமலாதேவி சட்டோபாத்யாய் அங்கே பேசினார். அதே மேடையில், மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்து வேலையை இழந்திருந்த பிரேஸ்கேர்டில் என்ற இளம் வெள்ளையரும் தோட்டத்துரைமாரைச் சாடினார். ஆளுநர் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். சமசமாஜக் கட்சியினர் அவரை மறைத்து வைத்தார்கள். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று விடுவித்தது. துரை என்றால் ஒரே சாதி என்று எண்ணியிருந்த தொழிலாளிக்கு, வெள்ளையரிலும் இரண்டு பக்கம் உண்டு என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு விரைவாகப் புரியவைத்திருக்காது.

இதே வழியின் ஆபத்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது. மொஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய ரோகண விஜேவீர, மக்கள் விடுதலை முன்னணியை ஐந்து வகுப்புகளின் மூலம் கட்டினார். பொருளாதார நெருக்கடி, சுதந்திரத்தின் போலித்தன்மை, இந்திய விஸ்தரிப்புவாதம், இடதுசாரி இயக்கத்தின் தோல்வி, புரட்சிக்கான பாதை என்பவை பாடங்கள். பேராதனை மாணவர்களும் கிராமத்து இளைஞர்களும் இரவிரவாக அமர்ந்து கேட்டார்கள். வளர்ந்தோருக்கான அரசியல் கல்வி என்ற அளவில் இலங்கையில் மிகத் திறமையாக ஒழுங்கமைக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று.

மூன்றாவது வகுப்புத்தான் சிக்கலானது. டெல்லியின் நோக்கங்களைப் பற்றிய ஒரு சர்வதேச வாதத்தில், சீன–இந்தியப் பிளவின் மொழி எதிரொலித்தது. அந்த வாதத்தில் தோட்டத் தமிழர்கள் இந்தியாவின் கருவியாகச் சித்திரிக்கப்பட்டார்கள். வாக்குரிமையும் நாடும் இழந்து நின்ற மக்கள், பக்கத்துக் கிராமத்து இளைஞனின் பாடத்தில் ஆபத்தாக மாறினார்கள். 1971 ஏப்ரல் கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் உயிரிழந்தார்கள். 2024 டிசம்பரில் அதே கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க, ஜனாதிபதியாகத் தம் முதல் வெளிநாட்டுப் பயணத்தை டெல்லிக்கே மேற்கொண்டார். பாடம் மாறியிருக்கிறது. முதலில் கேட்ட பாடத்தோடு நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வழியில்லை.

பிழை உலக அரசியலைக் கற்பித்ததில் இல்லை. எதிர்வாதம் கேட்க முடியாத அறையில் அதைக் கற்பித்ததில் இருந்தது எனலாம்.

ஐந்தாவது விடை: சொந்த வாழ்க்கை

பிரேசிலின் பாவ்லோ பிரேரே 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு அவர்களின் அன்றாடச் சொற்களைக் கொண்டே நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். கற்பவரின் வாழ்க்கையே பாடநூல் என்ற அவர் கொள்கை உலகெங்கும் பரவியது. மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985-இல் சீனி என்ற ஒரு பொருளைப் பின்தொடர்ந்து அடிமை வாணிகத்தையும் கைத்தொழில் புரட்சியையும் ஒரே நூலில் விளக்கினார்.

கண்டிக்கு அப்படியொரு பொருள் தேயிலை. 1869-இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது, இலண்டன் சந்தை தேயிலையை உயர்த்தியது, தமிழகத்தின் வறட்சி தொழிலாளரை அனுப்பியது. 2021 டிசம்பரில் ஈரானுக்குத் தரவேண்டிய எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலரை மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகத் தீர்ப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது. ஈரானின் வங்கிகள் மீது அமெரிக்கத் தடை இருந்ததால்தான் பணத்துக்குப் பதிலாகச் சரக்கு போனது. கொழுந்து பறிப்பவரின் கூடைக்கும் வாஷிங்டன் திறைசேரிக்கும் உள்ள தொடர்பை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது கடினம். ஹந்தானையின் தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களின் கதையும், கம்பளைப் பக்கத்தில் சமூக அபிவிருத்தி நிறுவனம் அமைத்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில் மனிதர்களின் கதையும் கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்ப்பவருக்கு ஒரே பொருள் இரு கோணங்களில் தெரியும். அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972-இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம், கிராமத்துச் சிங்களவரையும் தோட்டத் தமிழரையும் ஒன்றாக அமர்த்திப் பேசவைத்ததும் இந்த வழியைச் சேர்ந்ததே.

ஆனால் தேயிலை வழியே எல்லாவற்றுக்கும் போக முடியாது. அணுவாயுதக் கட்டுப்பாடு, ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தடுப்பதிகாரம், உக்ரேன் எல்லை ஆகியவற்றுக்குத் தோட்டத்திலிருந்து நேர்ப்பாதை இல்லை. உக்ரேன் போரால் தேயிலை ஏற்றுமதி பாதிக்கப்பட்டது என்று சொல்வது போரை விளக்குவதாகாது. தன் துயரத்திலிருந்து உலகைப் பார்ப்பவர், உலகமே தனக்கெதிராகத் திட்டமிடுவதாக எண்ணத் தொடங்குவதும் நடக்கக்கூடியதே.

சொல்லும் நேரமும்

வளர்ந்தோர் பிள்ளைகளைப் போலக் கற்பதில்லை, அனுபவமும் தேவையும் அவர்களை நடத்துகின்றன என்று மல்கம் நோல்ஸ் 1970-இல் வாதிட்டார். விமர்சனங்களுக்குப் பின் அவரே அந்த எதிர்நிலையைத் தணித்துக்கொண்டார். இலங்கையில் நடைமுறைத் தடை வேறு: சொல். கொழும்புப் பத்திரிகை ‘இறைமை’ என்கிறது, சென்னை நூல் ‘இறையாண்மை’ என்கிறது. இங்கே ‘சர்வதேச’, அங்கே ‘பன்னாட்டு’. இங்கே ‘பிரஜாவுரிமை’, அங்கே ‘குடியுரிமை’. இரண்டையும் மாறிமாறிப் படிக்கும் புதியவர் ஒன்றை வேறொன்றாக எண்ணித் தடுமாறக்கூடும். பொல்கொல்லையில் திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையமும், நகரில் டி.எஸ். சேனாநாயக்க நினைவு நூலகமும் உண்டு. ஆயினும் நாள் முழுக்க மலையேறியவர் மாலையில் பஸ் ஏறி அங்கே வருவது எளிதன்று.

மதிப்பீடு

ஐந்து விடைகளில் எதையும் முற்றாகத் தள்ள முடியாது. தொடங்குவதற்குச் சொந்த வாழ்க்கையும் கைக்கெட்டிய பொருளும் வலுவானவை என்பதற்கு இங்கே சான்று கூடுதல். தொடர்ந்து போக வரலாறும், சரிபார்க்கக் கோட்பாடும் தேவைப்படுகின்றன. செய்தி, கேள்விகளை எழுப்பும் அளவுக்குப் பயன் தருகிறது. வகுப்பு மிக வேகமானது. மிக ஆபத்தானதும் அதுவே. எந்த வரிசையில் தொடங்கினாலும் ஒரே நிகழ்வின் இரண்டு வடிவங்களைக் கேட்க வாய்ப்பிருந்ததா என்பதே, நாவலப்பிட்டிக் கூட்டத்தையும் ஐந்து வகுப்புகளையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் போலத் தெரிகிறது. இதுவும் சில உதாரணங்களிலிருந்து பெற்ற முடிவுதான். அந்தக் கூட்டமும் ஒரு பக்கத்தின் மேடையே என்று ஒருவர் மறுத்தால், அந்த வாதத்திலும் நியாயம் உண்டு.

திறந்தே இருக்கும் கேள்விகள் பல. இப்படிக் கற்றவை பத்தாண்டு கழித்து எவ்வளவு தங்குகின்றன? கைபேசிக் காணொளியில் கற்பவர் மேடையில் கற்றவரைப் போல மாறுகிறாரா? எதிர்வாதத்தையும் தரும் ஆசிரியரைத் தோட்டத்துக்கு யார் அனுப்புவது? இவற்றுக்கு விடை தேடும்வரை செய்யக்கூடிய சிறு வேலை ஒன்று உண்டு. 1964 ஒப்பந்தத்தின் வாசகம், அதற்கு மலையகத் தலைவர்கள் தெரிவித்த எதிர்ப்பு, மூன்றாவது வகுப்பின் வாதம், 2003-இல் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை தந்த சட்டம் ஆகிய நான்கையும் எளிய தமிழில் ஒரே சிறு நூலாக அருகருகே அச்சிட வேண்டும். பேராதனைத் துறைகளும் கண்டியின் பதிப்பாளர்களும் சேர்ந்தால் அது ஓராண்டு வேலை.